தொகுப்பா, வழிநூலா

என் கணவரின் வலது முழங்கையை உடைத்தவர்கள் என்னைத் தேடித்தான் வந்திருந்தார்கள். அடிக்கும்போது அது அவர்களுக்குத் தெரியாது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டை விட்டு உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அன்று ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நான் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பைக்குகள் வந்து நிற்கும் சத்தமும், ஒரு லோடு ஆட்டோவின் கதவு அறைபடும் சத்தமும் கேட்டன. யாரோ பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து கேட்டது எங்கள் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து விழும் சத்தம்.

படியிறங்கி வருவதற்குள் அவரைப் பாயிலிருந்து இழுத்துச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ஒருவன் கையில் மண்வெட்டிக் காம்பு. ஒருவன் என் மடிக்கணினியைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடித்தான். உடைந்தது போதாதென்று அதன்மேல் ஏறி மிதித்தான். முன்னால் நின்றவர் நாற்பதைத் தாண்டியவர், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அழுத கண் என்று பிறகு தெரிந்தது.

"புரோகிராம் எழுதினது நீதானல? எந்தம்பி கையைத் தின்னுட்டியேல" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று என் கணவருக்குப் புரியவில்லை. எந்தப் புரோகிராம் என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார். காம்பு முதலில் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க அவர் கையைத் தூக்கினார். முழங்கையில் பட்டது. பச்சை விறகை முறிப்பது மாதிரி ஒரு சத்தம். கை கீழே தொங்கியது, ஆனால் தொங்க வேண்டிய பக்கம் தொங்கவில்லை.

நான் நடுவில் போய் விழுந்தேன். "நான்தான் எழுதினேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. அடிக்கிறதா இருந்தா என்னைய அடிங்க" என்று கத்தினேன்.

லுங்கிக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "புருசனைக் காப்பாத்த எந்தப் பொம்பளையும் இப்படித்தான் சொல்லுவா. தள்ளு தாயி" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கீழே கிடந்தவரின் விலாவில் மிதித்தார். தெருவில் ஆட்கள் கூடிச் சத்தம் போட்டதும் அவர்கள் வெளியேறினார்கள். போகும்போது ஒருவன் டி.வி.யையும் இழுத்துத் தள்ளிவிட்டுப் போனான். என் கணவர் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தத்தை இடது கையால் துடைத்துக்கொண்டே, "எந்தப் புரோகிராம்ட்டி?" என்று என்னிடம் கேட்டார்.

எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியாட்கள் கையில் இருக்கக்கூடிய என்னுடைய புரோகிராம் ஒன்றே ஒன்றுதான்.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் என் கணவர் பங்குக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு, அதிலிருந்து தண்ணீரை மேலே தள்ள மோட்டாரும் பெல்ட்டும் சுற்றுகிற ஒரு கம்ப்ரசர். மோட்டார் ஓடத் தேவையான மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் வேலையைப் போட்டுவிட்டு மோட்டார் போடப் பைக்கில் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு சின்ன போர்டை வாங்கி நான் ஒரு புரோகிராம் எழுதினேன். கரண்ட் வந்தால் போனுக்கு மெசேஜ் அனுப்பும். நாம் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு மிஸ்டு காலில் நிற்கும். போர்டை வைத்த பெட்டியின் மூடியில் ஒரு சாவிப் பூட்டும் வைத்தேன். மோட்டாரில் கை வைக்கிறவர் சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டால், எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் மோட்டார் ஓடக்கூடாது. ஓடு என்று எந்தக் கட்டளை வந்தாலும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது போல மொத்தத்தையும் எழுதியிருந்தேன்.

நன்றாக வேலை செய்ததால் அதை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தேன். உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு பொது உரிமத்தின் கீழ் வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் நீங்கள் யாருக்கு விற்கிறீர்களோ அவர் கேட்டால் மூலநிரலை, அதாவது புரோகிராமை எழுதிய வரிகளை, அப்படியே கொடுக்க வேண்டும். மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று குறிக்க வேண்டும். எழுதியவரின் பெயரை எடுக்கக் கூடாது. பெட்டியை முடுக்கியதும் அதன் சின்னத் திரையில் என் முதலெழுத்தும் பெயரும் ஊரும் ஓடும். என் பெயர் ஆணுக்கும் வைக்கிற பெயர்தான்.

டவுனில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மோட்டார் கடை வைத்திருக்கும் ஒருவர் அந்தப் புரோகிராமைப் போட்டுப் பெட்டி விற்கிறார் என்பது ஒரு சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனபோது தெரிந்தது. திரையில் என் பெயர் ஓடியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தேன். என்ஜினீயரிங் படித்தவர், என் கணவருக்குப் பழக்கமானவர். மதினி, மதினி என்று உட்கார வைத்துக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார். என் புரோகிராமோடு அவர் எழுதிய இன்னொன்றும் அந்தப் பெட்டியில் இருந்தது. எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று கணக்கு வைத்துப் போனில் படமாகக் காட்டுகிற வேலை அதற்கு. அதன் மூலநிரலையும் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். உரிமத்தை அவரும் படித்திருந்தார். உங்கள் புரோகிராமில் நான் கையே வைக்கவில்லை, அது ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம், இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன, அவ்வளவுதான் என்றார். "இது தொகுப்பு மதினி. வழிநூல் கிடையாது" என்று பள்ளிக்கூட இலக்கண வகுப்புச் சொல்லையே எடுத்துப் போட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல்நூலை எடுத்து அதற்குள் புகுந்து கூட்டிக் குறைத்து எழுதினால் அது வழிநூல். பிறந்த இடம் முதல்நூல் என்பதால் அதன் நிபந்தனைகள் எல்லாம் வழிநூலுக்கும் வரும். பல பேர் எழுதியதைத் தொட்டுப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினால் அது தொகுப்பு. கட்டியவனுடைய சொந்தப் பாட்டு அதில் ஒன்று இருந்தால் அது அவனுடையதாகவே இருக்கும். இலையில் சோறும் கூட்டும் தனித்தனியாக இருப்பதற்கும், சோற்றைப் புளியோதரையாகக் கிளறிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். பொது உரிமமும் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. அவருடைய கணக்குப் புரோகிராமை அவர் திறக்க வேண்டியதில்லை. குளிர்பானத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதைத்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் கணவரின் முழங்கையில் தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள். விலா எலும்பிலும் விரிசல். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கத்தியால் குத்துவது மாதிரி இருக்கிறது என்றார். விவரம் எழுத வந்த ஏட்டய்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஏன் அடித்தார்கள் என்று கேட்டதற்கு மட்டும், எனக்கே முழுதாகத் தெரியவில்லை, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அதே வராந்தாவில், இரண்டு பெஞ்ச் தள்ளி, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். சேலை முந்தானையில் பழுப்பாகக் காய்ந்த ரத்தம், மாற்றுச் சேலை இல்லை போல. யாரோ போனில் விசாரிக்க, அவள் பதில் சொல்வது காதில் விழுந்தது. பனவடலிசத்திரம் பக்கம். கம்ப்ரசர் பெல்ட். வலது கை. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியில் ஓடும் பெயர் என்னுடையதுதான் என்று சொன்னேன். அவள் என் கழுத்தைப் பிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பிடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அவள் புருஷன் தம்பிக்காரன், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். தோட்டம் இருவருக்கும் பொது என்பதால் பெட்டியில் இரண்டு பேர் நம்பரும் இருந்தது. சனிக்கிழமை கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, தம்பி கம்ப்ரசருக்குப் புதுப் பெல்ட் மாட்டினான். பெல்ட்டைப் புல்லிச் சக்கரத்தில் ஏற்றக் கையை உள்ளே கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தபோது மூன்று பேஸ் வந்திருக்கிறது. பெட்டி திருப்பூருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. தம்பி மறந்திருப்பான் என்று அண்ணன் அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். பெல்ட் இவன் கையையும் சேர்த்துச் சுற்றியது. கஞ்சி கொண்டுபோன அவள் வரப்பிலிருந்தே அலறலைக் கேட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தபோது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எதைப் பிடித்து நிறுத்துவதென்று தெரியாமல், பெட்டிக்கு வருகிற வயரையே பிடித்து இழுத்துப் பிடுங்கியிருக்கிறாள். அவள் உள்ளங்கை வெந்து கொப்பளித்திருந்தது.

"பூட்டைப் போட்டுட்டுத்தான்க்கா கை வச்சாக. சாவி அவுக இடுப்புலதான் கிடந்தது. நாந்தான எடுத்தேன்" என்றாள்.

பூட்டியிருந்தால் மோட்டார் ஓடியிருக்கவே முடியாது, என் புரோகிராமாக இருந்தால். பிறகு எப்படி என் பெயரைச் சொல்லி வீடேறி வந்தார்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சொன்னாராம். தகவல் தெரிந்து ராத்திரியோடு திருப்பூரிலிருந்து வந்த அண்ணன், கை போன தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக அந்தக் கடைக்குத்தான் போயிருக்கிறார். கடைக்காரரோ, நான் எழுதியதில்லை, நான் சும்மா பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தவன், எழுதிய ஆள் பெயர் திரையிலேயே ஓடுகிறது பாருங்கள் என்று எங்கள் தெருவையும் சொல்லி அனுப்பிவிட்டார்.

தொகுப்பு என்றால் நான் எழுதியது எழுதியபடியே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தக் கையை எடுத்ததும் நான் எழுதியதுதான். வழிநூல் என்றால் நான் எழுதியதற்குள் புகுந்து எதையோ வெட்டியது அவர். மூலநிரலை மறைத்துக்கொள்ள அன்றைக்கு உதவிய அதே வார்த்தை இன்றைக்குப் பழியையும் என் வீட்டுக்குத் தள்ளிவிட்டது. எந்த உத்தரவாதமும் கிடையாது, எந்த நஷ்டத்துக்கும் எழுதியவர் பொறுப்பில்லை என்று உரிமத்தில் ஒரு பத்தி உண்டு. மண்வெட்டிக் காம்போடு வருகிறவனிடம் அந்தப் பத்தியை எப்படி வாசித்துக் காட்டுவது?

அந்தப் பெட்டியை நான் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் மச்சானிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், போனில் பேசினாள். எழுதியது நிஜமாகவே இந்தப் பொம்பளைதான் என்பதையும் சொன்னாள். அவர் தோட்டத்துக்கு வரச் சொன்னார். கடைக்காரரையும் வரச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். அவர் வருவார் என்று தெரியும். தன் பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில் அவளும் நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். கரிசல் காடு, தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மோட்டார் ரூம் சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்துக் கறுத்திருந்தது. தரையில் எறும்பு. புதுப் பெல்ட்டை அறுத்துத்தான் கையை எடுத்திருக்கிறார்கள், அதன் துண்டுகள் மூலையில் கிடந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த அதே லுங்கிக்காரர், அந்த அண்ணன், வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கி, என் கணவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

பிடுங்கிய வயரை அந்த ஊர் எலெக்ட்ரீஷியன் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தார். என் வீட்டு நிலத்துப் பெட்டியிலிருந்து போர்டைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரரின் போர்டை எடுத்துவிட்டு அதே வயர்களில் என்னுடையதை மாட்டினேன். சாவியைத் திருப்பிப் பூட்டினேன். அண்ணனைப் பார்த்து, இப்போது மிஸ்டு கால் கொடுங்கள் என்றேன். அவர் போனை எடுத்தார். கொடுத்தார். மோட்டார் அசையவில்லை. இன்னொரு முறை கொடுத்தார். அசையவில்லை.

பிறகு என் போர்டைக் கழற்றிவிட்டுக் கடைக்காரருடையதைத் திரும்ப மாட்டினேன். அதே வயர், அதே பூட்டு, அதே சாவி. திரையில் என் பெயர் ஓடியது. சாவியைத் திருப்பிப் பூட்டி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். அண்ணன் மிஸ்டு கால் கொடுத்தார்.

மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. பெல்ட் இல்லாத புல்லி வெறுமனே சுற்றியது. அதன் ஆரக்கால்கள் முதலில் தெரிந்தன, அப்புறம் தெரியவில்லை.

"என் புரோகிராமுக்குள்ள கைய விட்டுப் பூட்டை எடுத்திருக்கிய. வெளிய இருந்து இதைப் பண்ண முடியாது. இது தொகுப்பு இல்ல" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் முதலில் மறுத்தார். ஃபியூஸைப் பிடுங்காமல் கை வைத்தது யார் தப்பு என்றார். பிறகு, மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்றோ என்னவோ, உரக்கவே சொன்னார்: "யாராவது பூட்டிப் போட்டுட்டுப் போயிருதான். வெளியூர்ல இருக்கவன் போன் போட்டா ஓடலைன்னு எங்கிட்ட சண்டைக்கு வருதான். ஆளாளுக்குக் கத்துனா நான் என்ன செய்ய? அந்த நாலு வரிய மட்டுந்தான் எடுத்தேன்."

அண்ணன் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது கடைக்காரரின் பிடரி அவர் கையில் இருந்தது. அவரை அப்படியே மோட்டார் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனார். கடைக்காரர் கதவு நிலையைப் பிடித்தார். அண்ணன் அந்தக் கையை நிலையிலிருந்து பிய்த்து, முன்கையை இறுக்கிப் பிடித்துச் சுற்றுகிற புல்லியின் பக்கம் இழுத்தார். கடைக்காரர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. தம்பி பெண்டாட்டி, "வேண்டாம் மச்சான், வேண்டாம்" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். அவர் காலால் அவளை உதறினார்.

எனக்கு அவர்கள் இருவரையும் தாண்டித்தான் மெயின் சுவிட்சுக்குப் போக வேண்டும். அண்ணனின் முதுகில் விழுந்து, தோளுக்கு மேலே கையை நீட்டி லீவரைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கரண்ட் நின்றது. ஆனால் புல்லி உடனே நிற்காது. அது நிற்பதற்குள் அவர் விரல்களை அதில் வைத்துவிட்டார். என் கன்னத்தில் சூடாகத் தெறித்தது. புல்லி நின்ற பிறகுதான் பிடியை விட்டார். கடைக்காரர் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடு விரலும் மோதிர விரலும் நுனிக்கணு வரை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சிவந்தது.

அண்ணன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் குந்தினார். தன்னுடைய வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என் வீட்டில் நடந்ததையும் சேர்த்து அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

என் மனதில் இருந்ததைச் சொல்ல வேண்டும். கடைக்காரரின் விரலில் என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டியது நான்தான். ஆனால் லீவரை இழுப்பதற்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், இழுக்காமல் விட்டால் என்ன என்று தோன்றியது. என் கணவரின் கை முறிந்த சத்தம் அப்போது காதில் கேட்டது. அதன்பிறகுதான் பாய்ந்தேன்.

கையிழந்த தம்பியை ஆஸ்பத்திரிப் படுக்கையில் போய்ப் பார்த்தேன். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். துண்டான கையின் கட்டைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். இல்லாத விரல்கள் அரிக்கின்றன என்றார். பெட்டியில் மாற்றியது என்ன என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ள மூலநிரல் வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெட்டியை வாங்கியவருக்கு இருக்கிறது என்று சொன்னேன்.

"எழுதினது நீங்க. நான் கேட்டா எப்படித் தருவாரு?" என்றார்.

"தொகுப்புன்னு சொல்லி இனிமே தப்பிக்க முடியாது. அவரு வித்தது வழிநூல். அதோட சேர்த்து இந்த உரிமையையும் உங்களுக்கு வித்திருக்காரு. அவருக்கே அது தெரியும்."

வக்கீல் மூலமாக அவர் கேட்டார். கடைக்காரர் கட்டுப்போட்ட கையோடு கொடுத்தார். மேலே என் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே, பூட்டைச் சோதிக்கும் நாலு வரிகளை அவர் அழிக்கக்கூட இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு சாய்கோடு போட்டு, போர்டு அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும்படி ஊமையாக்கியிருந்தார். மாற்றினேன் என்ற குறிப்பு எங்குமே இல்லை. அவருடைய கணக்குப் புரோகிராம் மட்டும் அவர் சொன்னதுபோலவே எதையும் தொடாமல் ஓரமாக இருந்தது. அதைப் பொறுத்தவரை அன்றைக்கு அவர் சொன்னது பொய்யில்லை. வழக்குகள் நடக்கின்றன. அடிதடிக்கு ஒன்று, கை போனதற்கு ஒன்று, உரிமத்தை மீறியதற்கு நான் போட்ட ஒன்று. கடைசி வழக்கை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வக்கீலுக்கே வியர்த்துவிடுகிறது.

அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதே பெட்டி சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ மோட்டார் ரூம்களில் தொங்கியது. புண் ஆறியதும் தம்பியே கூட வந்தார். நான் ஸ்கூட்டர் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கடைக்காரருடைய புரோகிராமை எடுத்துவிட்டு என்னுடையதை ஏற்றினோம். பல பேர் தம்பியின் கையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மோட்டார் ரூமைத் திறந்துவிட்டார்கள்.

இளையரசனேந்தல் பக்கம் ஒரு விவசாயி திறக்கவில்லை. மகன் கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் போடுகிறான், பூட்டெல்லாம் வைத்தால் அவன் அங்கிருந்து அல்லாட வேண்டும், தொடாதே என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கருவேலங்கம்பை எடுத்து ஸ்கூட்டரின் விளக்கில் ஒரு போடு போட்டார். கண்ணாடி சிதறியது. அடுத்தது உன் மண்டைதான் என்றார். தம்பி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். கம்பு அவர் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"என் பொட்டி. நான் எப்படியும் வச்சிக்கிடுவேன். ஒனக்கென்ன?" என்றார் அந்தச் சம்சாரி.

அவர் சொன்னது சரி. மாற்றி வைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தவள் நான். பூட்டு வேண்டாம் என்கிற சுதந்திரமும் அதற்குள் அடங்கும். அதைத் திரும்பப் பிடுங்க எனக்கு வழி இல்லை. தம்பி மட்டும் அவரிடம் மெதுவாக, அப்படியானால் மூடியில் இந்தப் பூட்டு வேலை செய்யாது என்றாவது எழுதிவிட்டுப் போகிறோம், பெல்ட் மாட்ட வருகிறவன் படித்துக்கொள்வான் என்றார். அவர் யோசித்தார். கம்பைக் கீழே போட்டார். எழுதிவிட்டு வந்தோம். ஆறு மாதமோ என்னவோ கழித்து அவரே ஆள் அனுப்பிப் பூட்டை வைத்துத் தரச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போய் வைத்துக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் கணவரின் கை முழுதாக நீளாது. சட்டை மாட்டும்போது நான்தான் கையைப் பிடித்து உள்ளே விட வேண்டும். அடித்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் போகவில்லை, போக வேண்டும் என்று நானும் சொல்வதில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீ கத்தினாயே, நான்தான் எழுதினேன் என்று, அதை அவர்கள் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்றார். பிறகு இடது கையால் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

ஜாமீனில் வந்த அண்ணன் ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. என் கணவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். திருப்பூர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

"எக்கா, தோட்டத்துப் பொட்டியில என் நம்பர் இருக்குல்லா. அதை எடுத்திருங்க" என்றார்.

இப்போது இருப்பது என்னுடைய புரோகிராம், பூட்டியிருந்தால் யார் நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் ஓடாது, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

"தெரியும். தம்பியும் சொன்னான். இருந்தாலும் வேண்டாம்."

வீட்டிலிருந்தே அதை எடுக்க முடியும். புதிதாக வாங்கிய மடிக்கணினியைக் கொண்டுவந்து வாசல்படியில் உட்கார்ந்து அவர் கண்முன்னாலேயே அந்த நம்பரை அழித்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவர் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நீங்கள் சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்து போனார்.